பூ முடிந்த பிறகு தொடங்கும் வேலை



நீலப் பந்துகளாகப் பூக்கும் குள்ள ரக அகபாந்தஸைப் பற்றி இன்று பேசுகிறேன். மலையூர்களில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செடி அல்ல. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நுவரெலியாவிலும் பட்டையான பச்சை இலைகளின் நடுவிலிருந்து நிமிர்ந்து நிற்கும் இதன் பூத்தண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். இந்தச் செடியைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் உலகெங்கும் சொல்லும் குறை ஒன்றுதான். நர்சரியிலிருந்து பூவோடு வாங்கி வந்தோம், முதல் ஆண்டு கண் நிறையப் பூத்தது, மறு ஆண்டு ஒன்றிரண்டு தண்டுதான் வந்தது, அதற்கடுத்த ஆண்டு வெறும் இலை என்பார்கள். இதற்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் பதிலும் ஒன்றுதான்: தொட்டி பெரிதாகிவிட்டது, வேர் நெருக்கமாக இருந்தால்தான் அகபாந்தஸ் பூக்கும், சிறிய தொட்டியில் இறுக்கி வையுங்கள். இந்தப் பதில் தவறு என்பதே என் வாதம். அடுத்த ஆண்டின் பூவைத் தொட்டியின் இறுக்கம் தீர்மானிப்பதில்லை. இந்த ஆண்டின் பூ வாடிய பிறகு வரும் இரண்டு மூன்று மாதங்களில் செடிக்குக் கிடைக்கும் வெயிலும் நீரும் உரமும்தான் தீர்மானிக்கின்றன. நாம் செடியைக் கவனிக்காமல் விடுவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

இதை விளக்கச் செடியின் பிறந்த மண்ணுக்குப் போக வேண்டும். அகபாந்தஸ் தென்னாப்பிரிக்காவுக்கும் அதை ஒட்டிய லெசோத்தோ, எஸ்வாத்தினி, மொசாம்பிக் நாடுகளுக்கும் உரியது. தோட்டங்களில் காணும் வகைகளில் பெரும்பாலானவை அகபாந்தஸ் பிரேகாக்ஸ் என்ற இனத்தையோ அதன் கலப்புகளையோ சேர்ந்தவை. கிழக்குக் கேப் மாநிலமும் குவாசுலு-நட்டாலும் அந்த இனத்தின் தாய்மண். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் சென்று டர்பனில் இறங்கிய நம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கால்வைத்த நிலம் அதுவே. கரும்புக் கொல்லைகளுக்குப் போன அந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, சாலையோரங்களில் கொத்துக் கொத்தாக நிற்கும் இந்த நீலப் பூ ஊர்ப் பூவாகவே ஆகியிருக்கும். அந்த நிலத்தின் மழைக்கணக்கைப் பாருங்கள். அங்கே மழை கோடையில் பெய்கிறது. அக்டோபர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. பூக்காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அதாவது பூ வாடி முடிந்த பிறகும் பல வாரங்களுக்கு மண்ணில் ஈரமும் வானத்தில் வெயிலும் இருக்கின்றன. இலைகள் முழு வேகத்தில் உழைக்கும் பருவம் அது. அந்தப் பருவத்தைத் தொட்டிச் செடிக்கு நாம் தருகிறோமா என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். விற்பனைச் சீட்டுகளில் அகபாந்தஸ் ஆஃப்ரிக்கானஸ் என்ற பெயர் அடிக்கடி காணப்படுகிறது. உண்மையான ஆஃப்ரிக்கானஸ் மேற்குக் கேப் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், டேபிள் மவுண்டன் போன்ற மலைகளின் பாறை இடுக்குகளில், புளிப்புத் தன்மையுள்ள மணற்பாங்கான மண்ணில், குளிர்கால மழையை நம்பி வளர்வது. காட்டுத்தீ ஓடிய பிறகு அது வெகுவாகப் பூக்கும். தோட்டத்துக்கு எளிதில் பழகாத இனம் அது. சீட்டில் அந்தப் பெயர் இருந்தாலும் தொட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் பிரேகாக்ஸ்தான். பெயரை நம்பி, கேப் மலைச் செடிக்குச் செய்வதுபோலக் கோடையில் காயவிட்டால், கோடை மழையில் வளர்ந்த செடியைப் பட்டினி போடுகிறோம். 2003இல் தாவர ஆய்வாளர் ஸோன்னெவெல்டும் கிர்ஸ்டன்போஷ் தாவரப் பூங்காவைச் சேர்ந்த கிரஹாம் டங்கனும் செல்லுக்குள் இருக்கும் மரபுப் பொருளின் அளவையும் மகரந்தத்தின் நிறத்தையும் கொண்டு இந்தப் பேரினத்தை ஆறு இனங்களாக வகுத்தார்கள். அந்த ஆறில் ஆஃப்ரிக்கானஸும் பிரேகாக்ஸும் ஆண்டு முழுவதும் இலை தாங்குபவை. மற்ற நான்கும் குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்குபவை. உங்கள் செடி இலை உதிர்க்கும் வகையா, உதிர்க்காத வகையா என்று ஒரு குளிர்காலம் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

குள்ள ரகங்களை ஏன் தேர்ந்து பேசுகிறேன் என்று கேட்கலாம். பிரேகாக்ஸின் பெரிய வடிவங்கள் ஒரு மீட்டருக்கும் மேல் தண்டு விடும். அகன்ற சரிவுகளுக்கும் பெரிய பூங்காக்களுக்கும் அவை பொருந்தும். சிறிய முற்றத்திலோ மாடியிலோ அந்த உயரத்தைத் தொட்டியில் வைத்தால் காற்றுக்குச் சாயும், அடுத்த செடிகளை மறைக்கும். குள்ள ரகங்களில் இலைக்கொத்து ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். பீட்டர் பேன் என்ற பழைய, புகழ்பெற்ற ரகத்தின் பூத்தண்டு அரை மீட்டர் அளவே வரும். லில்லிபுட்டும் குட்டை ரகமே, அதன் நீலம் கருநீலத்தை ஒட்டியது. நீலம் பூக்களில் எளிதில் கிடைக்கும் நிறம் அல்ல. டெல்ஃபினிடின் சார்ந்த நிறமியால் அகபாந்தஸ் அடையும் அந்தத் தெளிந்த நீலத்தை, வெயில் காயும் இடத்தில், அரை மீட்டர் உயரத்தில் தரக்கூடிய பல்லாண்டுச் செடிகள் மிகச் சில. குள்ளமாக்கினால் கம்பீரம் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு தண்டை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் நன்றாக வளர்ந்த ஒரு குள்ளத் தூரில் ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு தண்டுகள் எழும்; அந்தக் காட்சி தனித்து நிற்கும் உயரமான தண்டுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. வாங்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பீட்டர் பேன் என்ற பெயரில் விதையிலிருந்து எழுப்பிய கன்றுகளும் விற்கப்படுகின்றன. விதைக்கன்று தாயைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை, பூக்கவும் மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகலாம். தூர் பிரித்து எடுத்த கன்றோ திசு வளர்ப்புக் கன்றோதான் தாயின் உயரத்தையும் நிறத்தையும் அப்படியே காட்டும்.

இனி மையமான விஷயத்துக்கு வருகிறேன். அகபாந்தஸின் பூத்தண்டு ஒரு தளிரின் நுனியிலிருந்து எழுகிறது. நுனி பூவாக மாறிவிட்டால் அந்தத் தளிரின் வளர்ச்சி அதோடு முடிந்தது. பக்கத்திலிருந்து வரும் புதுத் தளிர்தான் தொடர வேண்டும். குலை தள்ளிய வாழை மறுபடி குலை தள்ளாது, பக்கக்கன்றுதான் தள்ளும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம். அகபாந்தஸின் கணக்கும் அதுவே. வாழைக்காரர் பக்கக்கன்றைக் கண்ணாகப் பார்த்துக்கொள்வார். நாமோ பூ முடிந்ததும் செடியை மறந்துவிடுகிறோம். அந்தப் பக்கத் தளிர்கள் தடித்து, சதைப்பற்றுள்ள வேர்களில் உணவு சேர்ந்து, அவற்றின் நுனியில் அடுத்த ஆண்டுக்கான மொட்டு கண்ணுக்குத் தெரியாமல் உருவாவது கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைக் கழகம் வளர்ப்பவர்களுக்குத் தரும் அறிவுரையில் இது தெளிவாக இருக்கிறது: மொட்டு உருவாகும் அந்தக் காலத்தில் செடி வறட்சியில் வாடினால் மறு ஆண்டு பூ குறையும். ஆகவே பூக்காத செடியைப் பார்த்து இந்த மாதம் என்ன தவறு செய்தோம் என்று தேடுவதில் பயன் இல்லை. தவறு நடந்தது பத்து மாதங்களுக்கு முன்னால்.

வேர் நெருக்கம் பற்றிய நம்பிக்கை இவ்வளவு வலுவாக வேரூன்றியதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை ஒதுக்கிவிடாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் காரணம் வரலாறு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்குப் போன இந்தச் செடியை அங்குள்ளவர்கள் பனிக்குப் பயந்து பெரிய மரத் தொட்டிகளில் வைத்து, குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் இழுத்துச் சென்றார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் பார்த்த நல்ல அகபாந்தஸ் எல்லாம் பழைய தொட்டியில், வேர் பிதுங்க நின்ற அகபாந்தஸ்தான். தொட்டிக்கு வெளியே அது எப்படிப் பூக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை. 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹெட்போர்ன் வொர்த்தியில் லூயிஸ் பாமர் என்பவர் கிர்ஸ்டன்போஷிலிருந்து வந்த விதைகளைக் கொண்டு வளர்த்த கலப்புகள் திறந்த நிலத்திலேயே குளிர்காலத்தைத் தாங்கின; ஹெட்போர்ன் ஹைப்ரிட்ஸ் என்ற பெயரில் அவை பரவின. சுவரில்லாத மண்ணில் வேர் விட்ட அந்தச் செடிகள் பூக்க மறுக்கவில்லை. தாய்நாட்டிலும் அப்படித்தான். குவாசுலு-நட்டாலின் சரிவுகளிலும், அங்கிருந்து போய்க் குடியேறிய மதெய்ரா தீவின் சாலையோரங்களிலும் பூத்துக் குலுங்கும் தூர்களைச் சுற்றி எந்தத் தொட்டியும் இல்லை.

அந்தத் தூர்களும் நெருக்கமாகத்தானே நிற்கின்றன என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். மறுப்பு நியாயமானது, ஆனால் அது இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்குகிறது. தளிர்கள் நெருங்கி நிற்பது ஒன்று, வேருக்கு மண்ணே இல்லாமல் போவது வேறு. நிலத்துத் தூரில் தளிர்கள் நெருங்கினாலும் கீழே வேர் போகத் தடையில்லை. முற்றிய தூர் என்றால் பூக்கும் பருவம் எய்திய தளிர்கள் நிறைய இருக்கின்றன என்று பொருள். ஆகவே பூ நிறைய வருகிறது. தொட்டி நிரம்பியிருப்பதும் அதே முதிர்ச்சியின் அடையாளம்தான். நிரம்பியதால் அது பூத்ததல்ல, முதிர்ந்ததால் நிரம்பவும் செய்தது, பூக்கவும் செய்தது. இரண்டாவது காரணம் இதைவிட நுட்பமானது. தூரைப் பிரித்தோ பெரிய தொட்டிக்கு மாற்றியோ வைத்த ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் பூ குறைவது உண்மை. அதைக் கண்டவர்கள் இடம் அதிகமானதால் பூ போயிற்று என்று முடிவு கட்டினார்கள். உடைந்த வேரை மீட்டுக்கொள்ளச் செடி தன் சேமிப்பைச் செலவழிப்பதே அங்கே நடப்பது. பொறுமை காட்டினால் அதே தொட்டியில் முன்னைவிட அதிகத் தண்டுகள் எழும்.

நெருக்கவாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். சின்னக் கன்றை மிகப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரம் கோத்துக் கிடக்கும். குளிர்காலத்தில் சதைப்பற்றுள்ள வேர் அழுகும். எனவே தொட்டியைப் படிப்படியாக, ஒவ்வொரு முறையும் வேர்ப்பந்தைச் சுற்றி இரண்டு மூன்று விரல் அளவு இடம் மட்டும் கூட்டி மாற்றுவது நல்லது. மறுபக்கம், வேர் முழுவதுமாகச் சுருண்டு மண்ணையே வெளியே தள்ளிவிட்ட தொட்டியில் ஊற்றும் நீர் ஓரமாக வழிந்தோடிவிடும். நடுவே உள்ள வேர் காய்ந்தே கிடக்கும். அகபாந்தஸின் வேர்கள் மண் தொட்டியைப் பிளக்கும் வலிமை உள்ளவை. அந்த நிலைக்கு விடாமல் நான்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை, பூ முடிந்த கையோடோ புதுத் தளிர் கிளம்பும் முன்போ தூரைப் பிரித்துவிடலாம். இதற்காகவே வாய் குறுகி வயிறு பெருத்த தொட்டிகளைத் தவிர்க்கச் சொல்கிறேன். அவற்றிலிருந்து வேர்ப்பந்தை உடைக்காமல் எடுக்க முடியாது.

வெயிலைப் பற்றிய பேச்சு இதிலிருந்தே பிறக்கிறது. அகபாந்தஸுக்கு வெயில் வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. ஆனால் பூக்கும் நாட்களில் வெயில் வேண்டும் என்றுதான் பலர் அதைப் புரிந்துகொள்கிறார்கள். தொட்டிச் செடிக்கு நேரும் பெரிய அநீதி இங்கேதான் நடக்கிறது. பூ இருக்கும்வரை தொட்டி வாசலில், எல்லார் கண்ணிலும் படும்படி நிற்கும். பூ வாடியதும், வெறும் இலைதானே என்று, கொல்லைப்புறத்தில் சுவர் நிழலிலோ படிக்கட்டின் அடியிலோ தள்ளப்படும். மொட்டு உருவாக வேண்டிய மாதங்களில் செடிக்கு இருட்டு. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் என்பதை நான் பூக்காலத்துக்குச் சொல்லவில்லை, பூ வாடிய பிறகான காலத்துக்குச் சொல்கிறேன். இடமில்லாமல் தொட்டியை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், பூத்திருக்கும் இரண்டு மூன்று வாரம் நிழலான வராந்தாவில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற நாளெல்லாம் வெயிலில் விடுங்கள். நிழலில் வளர்ந்த செடியை இனம் காண்பதும் எளிது: இலை நீண்டு தொய்ந்திருக்கும், தண்டு வந்தாலும் வெளிச்சம் வரும் பக்கம் சாயும்.

நம் வெயில் இங்கிலாந்து வெயில் அல்லவே என்ற கேள்வி எழும். சரிதான். மலையூர்களில் மேகமும் மூடுபனியும் வெயிலைத் தின்றுவிடுவதால் அங்கே கிடைக்கும் வெயிலை முழுவதுமாகக் கொடுக்கலாம். சமவெளிக்கு இறங்க இறங்கக் கதை மாறுகிறது. பிற்பகல் வெயில் தொட்டியின் பக்கவாட்டைச் சுட்டு வேரை வேகவைக்கும். அங்கே காலை வெயிலும் பிற்பகல் நிழலும் தர வேண்டும். சென்னை, மதுரை போன்ற ஊர்களில் இந்தச் செடியை நம்பிச் செலவு செய்ய நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரவு குளிராத இடத்தில் இலை செழிக்கலாம், பூ வருவது அரிது. செடிக்குப் பொருந்தாத இடத்தில் அதை வைத்துவிட்டு உரத்தையும் தொட்டியையும் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

மண்கலவையில் மர்மம் எதுவும் இல்லை. தோட்டமண்ணில் மக்கிய தொழுவுரமும் பருமணலும் கலந்து, நீர் தேங்காமல் வடியுமாறு இருந்தால் போதும். தேங்காய் நார்க்கழிவை மட்டும் நம்பிய கலவை எடை குறைவு. தண்டுகள் எழும்போது தொட்டி காற்றில் கவிழும். உரத்தில்தான் கால வரிசை முக்கியம். தளிர் கிளம்பும் காலத்தில் தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சமமாக உள்ள உரத்தைக் கொடுங்கள். மொட்டில் நீலம் தெரிந்ததும் பொட்டாஷ் மிகுந்த நீர்ம உரத்துக்கு மாறி, பூ முடிந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொடருங்கள். பூ முடிந்ததும் உரத்தை நிறுத்துவது வழக்கம். நான் எதிர்ப்பது அந்த வழக்கத்தைத்தான். தழைச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டால் இலை கொழிக்கும், தண்டு வராது. ஆங்கிலப் புத்தகங்களில் ஆகஸ்ட், செப்டம்பர் என்று போட்டிருக்கும் அட்டவணையை அப்படியே பின்பற்ற வேண்டாம். உங்கள் செடி எந்த மாதம் பூத்தாலும், கடைசிப் பூ உதிர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணிக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் வேர்ப்பந்து காயக்கூடாது, வெயில் குறையக்கூடாது. அதன் பிறகு குளிர் வரும்போது நீரைக் குறைக்கலாம். இலை உதிர்க்கும் வகையானால் ஏறக்குறைய நிறுத்தியே விடலாம்.

பூ வராததெல்லாம் கவனக்குறைவால்தானா என்று கேட்டால், இல்லை. இங்கிலாந்தில் 2014இல் ஒரு புதிய கொசு போன்ற சிறு ஈ அகபாந்தஸ் மொட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. 2016இல் அதற்கு எனிக்மாடிப்லோசிஸ் அகபாந்தி என்று பெயர் சூட்டினார்கள். தென்னாப்பிரிக்காவிலும் அது இருப்பது தெரிய வந்திருக்கிறது. அதன் புழுக்கள் மொட்டுக்குள் வாழ்ந்து மொட்டுகளைக் கோணலாக்கி, நிறம் மங்கச் செய்து, சில சமயம் பூக்கொத்து முழுவதையும் திறக்காமலே கருகவிடுகின்றன. இரண்டு குறைகளையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. தண்டே எழவில்லை என்றால் சென்ற ஆண்டின் பராமரிப்பைத் தேடுங்கள். தண்டு எழுந்து மொட்டு திறக்காமல் போனால் ஒரு மொட்டைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே வெளிறிய சிறு புழுக்கள் நெளிந்தால் அந்தக் கொத்தை வெட்டி எரித்துவிடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம்.

கடைசியாக, மிக முக்கியமான மறுப்புக்கு வருகிறேன். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் அகபாந்தஸ் பிரேகாக்ஸ் தோட்டத்தை விட்டு வெளியேறிக் காட்டோரங்களிலும் கடற்கரைச் சரிவுகளிலும் களையாகப் பரவியிருக்கிறது. சீமைப் புதர்களும் வாட்டில் மரங்களும் நீலகிரியின் சோலைப் புல்வெளியைத் தின்ற வரலாற்றை அறிந்த நாம் இதை அலட்சியம் செய்ய முடியாது. மலையில் அயல்நாட்டுச் செடி எதையுமே வைக்காதீர்கள் என்று சொல்பவர்களின் கவலை எனக்கு உண்டு. ஆனால் இந்தச் செடி பரவுவது முக்கியமாக விதையால். விதையை நிறுத்துவது வளர்ப்பவர் கையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உருவான பேபி பீட் போன்ற குள்ள ரகங்கள் மிகக் குறைவாகவே விதை வைக்கின்றன. கிடைத்தால் அவற்றையே தேர்ந்தெடுங்கள். மற்ற ரகமானால் இதழ் உதிர்ந்ததும் தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள். காய்க்குப் போகும் உணவு பக்கத் தளிர்களுக்குத் திரும்பும். நான் இவ்வளவு நேரம் பேசிய அந்த மூன்று மாதங்களுக்கு அதுவே முதல் உதவி. இலையை மட்டும் வெட்டாதீர்கள். இலை தன் வேலையைத் தொடங்கியிருக்கும் நேரம் அது. காய்க்கொத்தின் அழகுக்காகத் தண்டை விட்டுவைக்க விரும்புபவர்கள் காய் பச்சையாக இருக்கும்போதே வெட்டி, வீட்டுக்குள் ஜாடியில் வைத்துக்கொள்ளலாம். காட்டை ஒட்டிய தோட்டம் என்றால், காய் பழுப்பேறி வெடிக்கும்வரை ஒரு கொத்தைக்கூடச் செடியில் விட வேண்டாம்.